புஷலுக்கு ஒரு சென்ட்

ஆல்கோனா, அயோவா
ஜனவரி 2026

என் ஆசைக் கோமதிக்கு,

நீ அனுப்பின குரல் செய்தியைக் கேட்டேன்டி. பாதி புரிந்தது, பாதி பின்னால் ஓடின அறுவடை மிஷின் சத்தத்தில் போய்விட்டது. ஆனால் நீ திட்டினது மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. "அமெரிக்காக்காரனுக்கு என்னடி, ஆயிரம் ஏக்கர் வச்சிருக்கான், ஏசி டிராக்டர்ல பாட்டு கேட்டுக்கிட்டே உழுவுறான், அவன் எந்த கவர்மெண்ட்டுகிட்ட போயி நிக்கப் போறான், இங்கதான் வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு ஆதாரு, கைரேகை, ஓடிபின்னு அலைய விடுறாங்க" என்று பொரிந்து தள்ளினாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாடி, அவனும் போய் நிற்கிறான். நன்றாகவே நிற்கிறான். இந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படி.

முதலில் என் புலம்பலைக் கேட்டுவிடு, இல்லாவிட்டால் மனசு ஆறாது. குளிர் எலும்பைக் குடைகிறது. முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. ஜன்னலோரத்துக் கறிவேப்பிலைச் செடி நாலு இலையோடு நிற்கிறது, அதைக் கிள்ள மனசு வராமல் பெருங்காயத்தை இரண்டு சிட்டிகை கூடப் போட்டு ரசம் வைக்கிறேன். காற்று தெற்கேயிருந்து அடித்தால் பன்றிப் பண்ணை வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவரிடம் சொன்னால், "பழகிடும்" என்பார். மூக்கடைப்புக்காரருக்கு எல்லாம் பழகும்.

ஊரைப் பற்றி நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். கொசூத் கவுண்டி என்று பேர். கவுண்டி என்றால் நம்ம மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள். ஹங்கேரி நாட்டு விடுதலைக்குப் போராடின லாயோஷ் கொசூத் பேரைக் கொண்டுவந்து இந்தச் சோளக்காட்டுக்கு வைத்திருக்கிறார்கள், யாருக்கு என்ன ஆசையோ. அயோவாவிலேயே பரப்பளவில் பெரிய கவுண்டி இதுதான், நம்ம திருவாரூர் மாவட்டத்தைவிடப் பெரிசு. அங்கே பன்னிரண்டு லட்சம் ஜனத்துக்கு மேல், இங்கே பதினைந்தாயிரம்கூடக் கிடையாது. மிச்ச இடமெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன்காரர்களை இங்கே முகாம் போட்டு அடைத்திருந்தார்களாம், அவர்கள் கையால் செய்த கிறிஸ்து பிறப்புக் குடில் இன்னும் இருக்கிறது, கிறிஸ்துமஸ் சமயத்தில் போய்ப் பார்த்தேன், நம்ம வீட்டு மரப்பாச்சிக் கொலு மாதிரி ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு முகம். அது கிடக்கட்டும். வெளிநாட்டு டாக்டர் கிராமத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் இந்த நாட்டிலேயே தங்கலாம் என்று ஒரு விதி உண்டு, அந்த விதிதான் எங்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கியது. மூன்று வருஷம் முடிந்தும் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் நான் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து பட்டுப்புடவை விலை பேசிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பதிலாக ஒரு வரிக்கணக்கு ஆபீஸில் பகுதிநேர வேலை. இப்போதுதான் சீசன். விவசாயி மார்ச் 1க்குள் வரியைக் கட்டிக் கணக்கை முடித்துவிட்டால், வருஷத்துக்குள் முன்கூட்டி வரி கட்டாததற்கு அபராதம் கிடையாது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் செருப்பு நிறையப் பனியோடு வரிசையாக வருவார்கள், ஷூ பெட்டி நிறைய ரசீது, நடுவில் அரசாங்கம் அனுப்பின 1099-ஜி என்கிற காகிதம், போன வருஷம் உனக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று. அந்தக் காகிதத்தில் நான் பார்க்கும் தொகையை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும், சொல்ல மாட்டேன். ஆனால் கேள், நான் சொல்லவே வேண்டாம்டி. இந்த மானியக் கணக்கு அரசாங்க ஆவணம், கேட்டால் கொடுத்தாக வேண்டும். வாஷிங்டனில் என்விரான்மென்ட்டல் வொர்க்கிங் குரூப் என்று ஒரு அமைப்பு அதைக் கேட்டு வாங்கி, 2001இலிருந்து பேர் பேராக, ஊர் ஊராக, யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கவுண்டி வாரியாகப் பார்க்கலாம். யாருக்கு முதலிடம், யாருக்கு இருபதாவது இடம், எல்லாம் இருக்கும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, இந்த ஊரில் ஒருத்தரிடம் "உங்களுக்கு எத்தனை ஏக்கர்" என்று கேட்பது மகா அநாகரிகம். நம்ம பக்கத்தில் ரயிலில் எதிர்சீட்டில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் சம்பளம் என்ன, பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள் என்று கேட்டுவிடுவோம். இங்கே ஏக்கர் கேட்பது பேங்க் பாஸ்புக்கைக் காட்டு என்று கேட்கிற மரியாதைக்குறைவு. காலையில் பெரிசுகள் எல்லாம் காபிக் கடையில் கூடுவார்கள், யார் காசு கொடுப்பது என்று தாயம் உருட்டுவார்கள், மழை, விதை, பேரப்பிள்ளையின் கூடைப்பந்து என்று எல்லாம் பேசுவார்கள், இந்தப் பணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். அத்தனை பேரும் ராத்திரி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள் என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். எங்கள் மூலை வீட்டுப் பெரியம்மா ஒருநாள் பையோடு அடுப்பங்கரைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, இன்னார் குடும்பத்துக்கு எவ்வளவு வந்திருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தாள், எனக்கு ஒரு நிமிஷம் மன்னார்குடியில் இருக்கிற மாதிரியே இருந்தது.

சரி, பணம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன், தலை சுற்றினால் என்னைத் திட்டாதே.

நிலத்தின்மேல் "பேஸ் ஏக்கர்" என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். எப்போதோ பழைய வருஷங்களில் அந்த நிலத்தில் என்ன பயிர் எவ்வளவு போட்டார்களோ அந்தக் கணக்கு. பணம் அந்தப் பழைய கணக்குக்குத்தான். இந்த வருஷம் நீ என்ன விதைத்தாய் என்பது கேள்வியில்லை. பேஸில் மக்காச்சோளம் என்று இருந்தால், நீ வயல் முழுக்க சோயா போட்டிருந்தாலும், மக்காச்சோளம் விலை விழுந்தால் உனக்குப் பணம். அதுவும் அந்த ஏக்கரில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குத்தான். 2014 சட்டத்தில் இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, சட்டம் குறித்த ஆதார விலைக்குக் கீழே சந்தை விலை போனால் வித்தியாசத்தைக் கொடுப்பது, மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு 3 டாலர் 70 சென்ட் என்று வைத்தார்கள் (ஒரு புஷல் மக்காச்சோளம் நம்ம கணக்கில் இருபத்தைந்து கிலோ சொச்சம்). இன்னொன்று, கவுண்டி முழுக்கச் சேர்த்து வருமானம் வழக்கமானதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் கொடுப்பது. எது என்று விவசாயியே எஃப்எஸ்ஏ என்கிற அரசாங்க விவசாய ஆபீஸில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு கவுண்டியிலும் அந்த ஆபீஸுக்கு விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கமிட்டியும் உண்டு. கொடுமை என்னவென்றால், இந்த வருஷப் பயிருக்கான பணம் அடுத்த வருஷம் அக்டோபரில்தான் வரும். விலை விழுந்தது இன்றைக்கு, மருந்து அடுத்த தீபாவளிக்கு. அதைக் கேட்டபோது, உன் நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்துகொண்டு கிடந்த கதை ஞாபகம் வந்து, எல்லா ஊரிலும் அரசாங்கத்துக்கு ஒரே கடிகாரம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பேஸ் ஏக்கர் விவகாரத்தில் நடந்த கூத்தைக் கேள். முன்னே விலை விழுந்தாலும் விழாவிட்டாலும் நேரடியாக வருஷாவருஷம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு திட்டம் இருந்தது, 2014இல்தான் நிறுத்தினார்கள். அது ஓடின காலத்தில், 2006இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள், 2000த்திலிருந்து விவசாயமே பண்ணாதவர்களுக்கு 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று. டெக்சாஸில் பழைய நெல் வயல்களை மனை போட்டு விற்றுவிட்டார்கள், வீடு கட்டிக் குடிவந்தவர் வாசலில் புல் வளர்த்துக்கொண்டு இருக்கிறார், அந்த நிலத்துக்கு நெல் பேஸ் இருப்பதால் அவருக்கும் பணம். நெல்லுக்கு! அதுக்கு அடுத்த வருஷம் அரசாங்கத் தணிக்கைக்காரர்கள் இன்னொன்று சொன்னார்கள். 1999இலிருந்து 2005 வரைக்கும் செத்துப்போன 1,72,801 பேருடைய பேரில் 110 கோடி டாலர் போயிருக்கிறதாம். நம்ம பக்கத்தில் 2020இல் கிசான் பணத்தில் விவசாயியே இல்லாத லட்சக்கணக்கான பேரைச் சேர்த்துவிட்டார்கள் என்று கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கமெல்லாம் அமளிப்பட்டதே, அப்போது நீ "இந்த ஊர்லதாண்டி இதெல்லாம் நடக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். இனிமேல் அடித்துக்கொள்ளாதே, அல்லது எனக்கும் சேர்த்து அடித்துக்கொள்.

அதற்காக இவர்களெல்லாம் திருடர்கள் என்று நினைத்துவிடாதே. இவர்களுடைய தாத்தா காலத்துக் கதை தெரிந்தால் உன் கோபம் பாதி இறங்கிவிடும், எனக்கு இறங்கியது. 1932, 33இல் மக்காச்சோளம் விலை எப்படி விழுந்ததென்றால், நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்துக் குளிர் காய்ந்தார்கள். பேங்க்காரன் நிலத்தை ஜப்தி செய்து ஏலம் போட வருவான், அக்கம்பக்கத்து விவசாயிகள் எல்லாம் கூட்டமாக வந்து நின்று பசுமாட்டுக்கு ஐந்து சென்ட், கலப்பைக்குப் பத்து சென்ட் என்று கேட்பார்கள், வெளியாள் எவனாவது வாயைத் திறந்தால் அவனைச் சுற்றி நாலு பேர் வந்து நிற்பார்கள், எல்லாவற்றையும் காசுக்கு வாங்கி அப்படியே நிலத்துக்காரனிடமே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். 1933 ஏப்ரலில் இதே அயோவாவில் லெ மார்ஸ் என்கிற ஊரில் ஜப்தி வழக்கை நடத்தின நீதிபதியைக் கோர்ட்டிலிருந்தே இழுத்துக்கொண்டு போய்க் கழுத்தில் கயிறு மாட்டிவிட்டார்கள். கொல்லவில்லை, ஆனால் கவர்னர் படையை இறக்க வேண்டியதாயிற்று. இப்போது காபிக் கடையில் தாயம் உருட்டுகிற சாதுக்களின் தாத்தாக்கள்டி அவர்கள், நம்ப முடிகிறதா?

அந்த வருஷம்தான் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார், அயோவாக்காரரான ஹென்றி வாலஸை விவசாய மந்திரி ஆக்கினார். வாலஸ் விதை ஆராய்ச்சிக்காரர், வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை விற்கக் கம்பெனியே ஆரம்பித்தவர். அவர் கணக்கு இதுதான்: விளைச்சல் அதிகம், அதனால் விலை இல்லை, அதனால் விளைவிக்காமல் இருக்கக் காசு கொடு. விதைத்திருந்த பருத்தியில் ஒரு கோடி ஏக்கரை உழுது மண்ணோடு புரட்டச் சொன்னார்கள். அறுபது லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றார்கள். நாடு முழுக்கப் பசியில் ரொட்டிக்கு வரிசை நிற்கிறபோது. கொஞ்சம் இறைச்சி ஏழைகளுக்குப் போனது, நிறைய உரமாகப் போனது. எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது சோறு இறங்கவில்லை, உனக்கும் இறங்காது, நாமெல்லாம் இலையில் ஒரு பருக்கை விட்டாலே பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஜாதி. 1936இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது, இரண்டே வருஷத்தில் வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை நின்றதில்லை. மிஞ்சின வருஷத்துத் தானியத்தை அரசாங்கம் வாங்கிச் சேமித்து, பஞ்ச வருஷத்தில் வெளியே விட வேண்டும் என்று வாலஸுக்கு ஒரு ஆசை, அந்த யோசனை பழைய சீனாவில் இருந்த வழக்கம், ஒரு சீன அறிஞர் எழுதின புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். சீனாவை இங்கே ஞாபகம் வைத்துக்கொள், அடுத்தது அதுதான்.

2018இல் டிரம்ப் சீனச் சாமான்களுக்கு வரி போட்டார், சீனாக்காரன் ஜூலையில் அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் வரி போட்டுவிட்டான். அப்போது பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் யார் தெரியுமா? டெர்ரி பிரான்ஸ்டாட், அயோவாவின் பழைய கவர்னர், எங்களுக்குப் பக்கத்துக் கவுண்டிப் பண்ணையில் வளர்ந்தவர். ஷி ஜின்பிங் 1985இல் சின்ன அதிகாரியாக அயோவாவுக்கு விவசாயம் பார்க்க வந்ததிலிருந்து பழக்கம். இத்தனை பழக்கம் இருந்தும் சோயா விற்கவில்லை. அரசாங்கம் அவசர அவசரமாக நஷ்ட ஈடு அறிவித்தது: சோயாவுக்குப் புஷலுக்கு 1 டாலர் 65 சென்ட், பன்றிக்குத் தலைக்கு 8 டாலர், மக்காச்சோளத்துக்கு எவ்வளவு என்றால், புஷலுக்கு ஒரு சென்ட். ஒரே ஒரு சென்ட்டுடி! ஐந்நூறு ஏக்கர் மக்காச்சோளம் போட்டவனுக்கு, ஏக்கருக்கு இருநூறு புஷல் என்று வைத்தாலும், மொத்தம் ஆயிரம் டாலர். அதே ஐந்நூறு ஏக்கரில் சோயா போட்டவனுக்கு ஏக்கருக்கு அறுபது புஷல் என்றால் நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த வருஷம் காபிக் கடையில் காசு கொடுக்கும்போது ஒருத்தர் ஒற்றை சென்ட்டை மேஜையில் வைத்து, "என் மக்காச்சோளப் பணம், மிச்சத்தை நீயே வைத்துக்கொள்" என்பாராம், மூலை வீட்டுப் பெரியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அடுத்த வருஷம் இந்தச் சண்டை வேண்டாம் என்று பயிர் வித்தியாசம் பாராமல் கவுண்டிக்கு ஒரு விலை என்றார்கள், ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. விளைவு என்ன, பயிருக்குப் பயிர் இருந்த சண்டை கவுண்டிக்குக் கவுண்டி ஆயிற்று. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 2,300 கோடி டாலர். அதற்கப்புறம் கொரோனாப் பணம். 2020இல் மட்டும் எல்லாத் திட்டமும் சேர்த்து 4,500 கோடி டாலருக்கு மேல், அதுவரை அவ்வளவு கொடுத்ததே இல்லை.

போன வருஷம் மறுபடி அதே சீனா, அதே சோயா, மே மாசத்திலிருந்து அக்டோபர் வரை வாங்குவதையே நிறுத்திவிட்டான். டிசம்பரில் 1,200 கோடி டாலர் அறிவித்தார்கள். இந்தத் தடவை ஏக்கர் கணக்கு, மக்காச்சோளத்துக்கு 44 டாலர் சொச்சம், சோயாவுக்கு 30 டாலர் சொச்சம், பிப்ரவரி முடிவதற்குள் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். இதற்கு முன்னாலேயே போன வருஷ ஆரம்பத்தில் இன்னொரு அவசரப் பணம். நடுவில் ஜூலையில் வந்த பெரிய சட்டத்தில் ஆதார விலையை மக்காச்சோளத்துக்கு 4 டாலர் 10 சென்ட் ஆக்கினார்கள், சோயாவுக்கு 8 டாலர் 40 சென்ட்டிலிருந்து பத்து டாலர். ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்கிற உச்சவரம்பையும் 1,25,000 டாலரிலிருந்து 1,55,000க்குத் தூக்கிவிட்டார்கள்.

உச்சவரம்பா, அதுதான் இருக்கிறதே என்று நினைப்பாய். அங்கேதான் சொந்தபந்தம் வருகிறது. வரம்பு ஆளுக்கு, பண்ணைக்கு இல்லை. கூட்டாகப் பண்ணை வைத்தால் கூட்டாளி ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம்பு. பெண்டாட்டி, பிள்ளை, அண்ணன், தம்பி முன்னாலேயே உண்டு, 2018 சட்டத்தில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அக்கா மகன், அண்ணன் மகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நிர்வாகம் பார்க்கிறார் என்று காட்டினால் போதும், வயலில் இறங்க வேண்டாம். நம்ம ஊரில் ஒரு சீமந்தத்துக்குக்கூட அத்தனை ஒன்றுவிட்ட சொந்தத்தைக் கூப்பிட மாட்டோம். எங்கள் செனட்டர் சக் கிராஸ்லி, பன்றிகளைக் கொன்ற அதே 1933இல் பிறந்தவர், இன்னும் பதவியில் இருக்கிறார், அவரும் விவசாயி, அவர் பேரும் மானியப் பட்டியலில் உண்டு, ஆனால் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்துகிறவரும் அவர்தான். அவர் கட்சிக்காரர்களே காதில் வாங்குவதில்லை. கூடைப்பந்து வீரர் ஸ்காட்டி பிப்பன் அர்கன்சாஸில் நிலம் வைத்திருந்தார், அதைப் பயிர் செய்யாமல் சும்மா விட்டதற்கு, மண்ணைக் காப்பாற்றுகிற திட்டத்தில், அவருக்கும் வந்திருக்கிறது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், 1985இலிருந்து நடக்கிறது, பத்துப் பதினைந்து வருஷம் நிலத்தைப் புல்லாக விட்டால் வாடகை மாதிரி அரசாங்கம் கொடுக்கும், இந்தப் பக்கத்தில் பறவை கண்ணில் படுகிற இடம் அது ஒன்றுதான். ஆனாலும் பிப்பன்!

பட்டியலில் வராத பணம் ஒன்று இருக்கிறது, பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதம் அரசாங்கம் கட்டுகிறது, அதற்கு ஆள் வரம்பும் கிடையாது, யாருக்கு எவ்வளவு என்று பேர் போட்டு வெளியே சொல்லவும் மாட்டார்கள். மூலை வீட்டுப் பெரியம்மாவுக்கே அதில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை, அந்தக் குறை அவளுக்கு நிறைய உண்டு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். குத்தகைக்காரனுக்கு ஏன் இல்லை என்று நீ ஆத்திரப்பட்டாயே, கோயில் நிலம், பட்டா உங்கள் பேரில் இல்லை, அதனால் மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கருக்குத்தான் கிசான் பணம் என்று. இங்கே அப்படி இல்லை. அயோவா நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைதான். பணமாகக் குத்தகை கொடுத்து, நஷ்டம் வந்தால் தானே ஏற்கிறவனுக்குத்தான் மானியம் முழுக்கப் போக வேண்டும் என்று விதி, நிலத்துக்காரர் தொடக்கூடாது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது, உனக்கு எழுதிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று கூட நினைத்தேன். அப்புறம்தான் எங்கள் தெருவில் இருக்கிற பையனைப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது, இரண்டு கைக்குழந்தை, பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் வேலை, அவள் வேலையில்தான் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. சொந்த நிலம் எண்பது ஏக்கர், மிச்சம் எல்லாம் குத்தகை. இந்த ஜூலைச் சட்டம் வந்த மறுமாசமே, "ஆதார விலை ஏறியிருக்கிறதாமே" என்று நிலத்துக்காரர் பக்கத்திலிருந்து போன் வந்துவிட்டது. குத்தகையைக் கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் பக்கத்து ரோட்டில் பெரிய பண்ணைக்காரர் கேட்கிறார். அயோவாவில் குத்தகை சராசரி ஏக்கருக்கு 270 டாலருக்கு மேல் நிற்கிறது, சோளம் விலை பாதியாக இறங்கினாலும் அது மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. நிலத்தின் விலை 2024 கணக்கில் ஏக்கருக்குச் சராசரி 11,467 டாலர். வாங்கவா முடியும் அவனால்? அரசாங்கம் அவன் கையில்தான் கொடுக்கிறது, ரசீதும் அவன் பேரில்தான், பட்டியலிலும் அவன் பேர்தான் வருகிறது, ஊரும் அவனைத்தான் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது, பணமோ மார்ச்சுக்குள் குத்தகையாக நிலத்துக்குப் போய்விடுகிறது.

நிலத்துக்காரர் யாரோ கொடுங்கோலர் என்று நினைக்காதே, பாதிக்குமேல் வயதானவர்கள். அயோவா நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் கையில். எங்கள் மூலை வீட்டுப் பெரியம்மாவே நிலத்துக்காரிதான், புருஷன் போனபிறகு குத்தகைதான் அவளுக்குச் சாப்பாடும் மருந்தும். அவளிடம் நான் ஒருநாள் ஜாடையாக, சின்னப் பையன்கள் பாவம்தானே என்றேன். "என் புருஷன் அந்த வயதில் என்ன கொடுத்தார் என்று உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த என் முறுக்கை எடுத்துக் கடித்தாள். பேச்சு அதோடு நின்றது. அவள் பேச்சிலும் நியாயம் இருக்கிறதே என்று எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது, இவர் எழுந்து "என்ன, முழங்காலா" என்கிறார்.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், படித்தவர்கள் வேறு ஏதாவது சொல்வார்கள். ஏக்கரைப் பார்த்துக் கொடுக்கிற பணம் ஏக்கர் நிறைய இருக்கிறவனிடம்தான் போய்ச் சேரும், சேர்ந்த பணத்தில் அவன் அடுத்த வயலையும் குத்தகைக்குக் கேட்பான், தெருக்கோடிப் பையன் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கினால் அதிகம். இந்தக் கவுண்டியில் பள்ளிக்கூடங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துக்கொண்டே வருகிறார்கள், பிள்ளைகள் குறைந்துபோனதால். இவ்வளவு பணம் இறங்குகிற ஊரில் ஜனம் ஏன் குறைகிறது என்று காபிக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் யாராவது ஏக்கர் கணக்கைச் சொல்ல வேண்டி வரும். நானும் கேட்க மாட்டேன், எனக்கு இங்கே பொழுது போக வேண்டும்.

அந்தப் பையன் போன வாரம் ஆபீஸுக்கு வந்தான், எதற்கு வந்தான் என்று சொல்லக்கூடாது. காகிதம் அச்சாகிற நேரத்தில், உங்கள் ஊரில் குத்தகை எப்படி என்று கேட்டான். என் தோழி வீட்டில் கோயில் நிலம் வைத்திருக்கிறார்கள், சாமிக்குத்தான் குத்தகை அளக்கிறார்கள், சாமிதான் நிலத்துக்காரர் என்றேன். பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தான். "மழை இல்லாத வருஷம் அவர் குறைத்துக்கொள்வாரா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லைடி, நிஜமாகவே கேட்டான். என் தோழியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அண்ணனிடம் விவரமாகக் கேட்டு, ஏக்கருக்கு எத்தனை கலம், பாக்கி நின்றால் என்ன செய்வார்கள், தள்ளுபடி கொடுத்த வருஷம் எது, எல்லாம் எழுது. மார்ச்சில் அவன் மறுபடி வருவான்.

உன்
சாரதா